யாழ். பல்கலைக்கழகம் 1979இல் முளைத்தது அல்ல

ஒரு பதிவில் ஒருவர், "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1979இல் புதிதாகக் கட்டப்பட்டது, எல்லாப் பீடங்களும் திருநெல்வேலியில்தான் (யாழ்ப்பாணத்தில் உள்ள ஊர்), வவுனியா அதன் கிளை" என்று எழுதியிருக்கிறார். மூன்றையும் திருத்த வேண்டும்.

1979 ஜனவரி 1 என்பது அது தனிப் பல்கலைக்கழகமான நாள். அது சரி. ஆனால் வகுப்புகள் 1974இலேயே தொடங்கிவிட்டன. அப்போது அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம். தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. இடமும் வெறுங்காணி இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவு அது. வளாகத்துக்குள் போனால் இன்றும் பரமேஸ்வரன் கோயிலைப் பார்க்கலாம். விரிவுரைக்கு ஓடுகிற பிள்ளைகள் வாசலில் ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கோயிலும் இராமநாதன் கட்டியதுதான். இந்தத் தொடர்ச்சியை ஒரே வரியில் அழித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், எல்லாம் திருநெல்வேலியில் இல்லை. இசையும் நடனமும் படிக்க மருதனார்மடம் போக வேண்டும், சித்த மருத்துவத்துக்குக் கைதடி. விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. போரில் இடம்பெயர்ந்த விவசாய பீடம் அங்கே திரும்பியதே பெரிய கதை.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். இந்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அதைக் கிளை என்று நினைத்துத் தெரிவுப் பட்டியலைத் தவறாக நிரப்பிவிடக் கூடாது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.