இருபத்து நான்காம் கட்டம்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அக்கா இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் மல்லிகை, இன்னொரு கையில் முஸ்தஃபா பிளாஸ்டிக் பை. பலகாரச் சாமானாக இருக்கும் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்து, என் மனைவி கை கழுவ எழுந்து போனதும், அந்தப் பையை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, நீ ஆர்மியில கிளார்க்கா இருந்தவன்தானே. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

உள்ளே அக்கா மகனின் விடுவிப்புத் தாள்கள். அவன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன், பத்தொன்பது வயதில் அங்கே படையில் சேர்ந்தான், 2017இல் வெளியே வந்தான். "கான்டிராக்ட் முடிஞ்சிடுச்சு" என்று எங்களுக்குச் சொன்னார்கள். எட்டு வருடமாக நாங்களும் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் படைப்பிரிவும் வேண்டாம் என்றான். சரி.)

அந்த ஊர் விடுவிப்புத் தாளுக்கு டிடி 214 என்று பெயர். பையில் அது இரண்டு நகலாக இருந்தது. ஒன்று சுருக்க நகல். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பதக்கம் எல்லாம் இருக்கும், சேவையின் தன்மையும் ஏன் போனான் என்பதும் மட்டும் இருக்காது. அக்கா சொந்தக்காரர்களுக்குக் காட்டியது இதைத்தான். அதன் மடிப்புகள் தேய்ந்து கிழியும் நிலைக்கு வந்திருந்தன. இன்னொன்று முழு நகல், புதுசு போல இருந்தது. அதில் 24ஆம் கட்டம் சேவையின் தன்மையைச் சொல்லும், 28ஆம் கட்டம் விலகலின் காரணத்தைச் சொல்லும். 24இல் 'மதிப்புக்குரிய நிலை அல்லாத நிலையில்' என்று இருந்தது. 28இல் ஒழுங்கீனம், அடைப்புக்குறிக்குள் போதைப்பொருள்.

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வருவதில் ஐந்து படி உண்டு. மேலே மதிப்புக்குரிய விடுவிப்பு, அதற்குக் கீழே பொது விடுவிப்பு, அப்புறம் இவனுக்குக் கிடைத்தது. அதற்கும் கீழே உள்ள இரண்டும் ராணுவ நீதிமன்றம் தண்டனையாகக் கொடுப்பவை. மேல்படியில் இருப்பவனுக்குக் கல்லூரிச் செலவை அரசாங்கம் ஏற்கும். ஒரு படி இறங்கினாலே அந்தப் படிப்பு உதவி போய்விடும். இவன் இருக்கும் படியில் மருத்துவ உதவி கிடைக்குமா என்பதையே முன்னாள் வீரர்கள் நலத்துறை தனியாக விசாரித்து முடிவு செய்யும். வேலைக்குப் போகும் இடத்தில் முழு நகலைக் கேட்டால் அன்றோடு பேச்சு முடிந்தது. நர்சிங் படிக்க ஆசைப்பட்ட பையன் இப்போது ஏர்கான் பழுது பார்க்கிறான்.

நடந்தது இதுதான். ஒரு பயிற்சியில் வண்டி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் இறந்துபோனான், இவனுக்குத் தோளில் மட்டும் காயம். அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. கஞ்சா பிடித்தால் மூன்று மணி நேரமாவது தூங்க முடிந்ததாம். காலை அணிவகுப்புக்குப் பல முறை தாமதம், கடைசியில் சிறுநீர்ச் சோதனையில் மாட்டிக்கொண்டான். விசாரணைக் குழு முன்னால் நின்று பேச அவனுக்கு உரிமை இருந்தது. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போட்டுவிட்டான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒளிக்க ஒன்றுமில்லை. நான் இந்த ஊர்க்காரன். 15 கிராம் ஹெராயினுக்கும் 500 கிராம் கஞ்சாவுக்கும் மேல் கடத்தினால் தூக்கு என்ற சட்டத்தின் கீழ் வளர்ந்தவன், அந்தச் சட்டம் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். "அங்கே பாதி மாநிலத்துல கஞ்சா சட்டப்படி விக்கிறாங்க தம்பி" என்று அக்கா ஆரம்பித்தார். அது உதவாது அக்கா என்றேன். மாநிலம் என்ன சொன்னாலும் படைச் சட்டத்தின் 112ஏ பிரிவில் அது குற்றம்தான். அவர்கள் அதில் கறாராக இருக்கக் காரணமும் உண்டு. 1981 மே மாதம் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்த சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. கடற்படை சிறுநீர்ச் சோதனையைக் கெடுபிடியாக்கியது அதற்குப் பிறகுதான். துப்பாக்கியும் எரிபொருளும் கையாளும் இடத்தில் வேறு எப்படி இருக்க முடியும்?

ஆக, அவன் செய்தது தப்பு. வெளியே அனுப்பியதும் சரியே. அப்புறம் அந்த 24ஆம் கட்டத்தை மாற்றச் சொல்லி மனு எதற்கு?

இந்த இடத்தில்தான் எனக்கே தெரியாத ஒன்றை அந்தத் தாள்கள் சொல்லிக்கொடுத்தன. விடுவிப்பு மறுஆய்வுக் குழு என்று ஒன்று 1944இலிருந்து அங்கே இருக்கிறது. டிடி 293 என்ற படிவத்தை நிரப்பி, வெளியே வந்த 15 வருடத்துக்குள் மனு போடலாம். குறைந்தது மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். நீ செய்தாயா இல்லையா என்ற வழக்கை அவர்கள் மறுபடி நடத்துவதில்லை. முறைப்படி அனுப்பினார்களா, கொடுத்த முத்திரை நியாயமானதா, இந்த இரண்டைத்தான் பார்க்கிறார்கள். ஒருவனை வேலையை விட்டு அனுப்புவது ஒரு முடிவு, சாகும்வரை அவன் கூடவே வரும் முத்திரையைக் குத்துவது இன்னொரு முடிவு. இதுவரை எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாடு இதை ஒருமுறை பெரிய அளவில் யோசித்திருக்கிறது. வியட்நாம் போரில் ஏராளமான சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையானார்கள். வெறும் சொந்தப் பழக்கத்துக்காக மட்டும் மோசமான முத்திரை வாங்கியவர்களின் கோப்புகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி, 1971 ஆகஸ்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லேர்ட் உத்தரவிட்டார். ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டது தெரிந்தது. இடம் மாறியதும் பழக்கமும் போயிருக்கிறது, தாளில் எழுதியது மட்டும் போகவில்லை.

இவனுக்கு நேரடியாகப் பொருந்துவது 2017 ஆகஸ்டில் வந்த ஒரு சுற்றறிக்கை. மன அதிர்ச்சி சம்பந்தப்பட்ட மனுக்களைத் தாராளமாக அணுகச் சொல்கிறது. நான்கே கேள்விகள். அப்படிப்பட்ட மனநிலை இருந்ததா? சேவையில் இருக்கும்போதே இருந்ததா? அது அந்தத் தவற்றின் கனத்தைக் குறைக்கிறதா? விடுவிப்புக்கான காரணத்தைவிட அது கனமானதா? திட்டமிட்டுச் செய்த குற்றத்துக்கு இது பொதுவாகக் கைகொடுக்காது என்றும் அதிலேயே இருக்கிறது. எது சான்றாகும் என்ற பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். திடீரென்று நடத்தை மாறுவது, வேலையின் தரம் இறங்குவது, போதையில் விழுவது, இதெல்லாம்கூடச் சான்றாகலாமாம். எதற்காக இவனை வெளியே அனுப்பினார்களோ அதுவே இவன் பக்கம் பேசும்!

சரி, சான்று எடுங்கள் அக்கா என்றேன்.

ஒன்றுமில்லை.

அந்த வருடம் அவன் எழுதிய மின்னஞ்சல்களை அத்தான் அழித்துவிட்டார், யார் கண்ணிலும் படக்கூடாதாம். வீட்டுக்குத் திரும்பிய புதிதில் மனநல ஆலோசகரிடம் போகிறேன் என்று அவனே கேட்டிருக்கிறான். நாளைக்குப் பெண் பார்க்கும்போது 'பைத்தியம்' என்று பேர் வந்துவிடும் என்று அக்காதான் தடுத்திருக்கிறார். இறந்த நண்பனின் அம்மா ஒரு கடிதம் போட்டிருந்தார். அதற்குப் பதில் போடவே இல்லை. ஆறு மாதத்தில் முத்திரை தானாக மாறிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறார்கள். அப்படி எதுவும் தானாக மாறாது. மனு போட்டால்தான் உண்டு.

இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் முதல் வேலை துடைப்பது. வெளியே தெரியக்கூடாது, யார் கேட்டாலும் வேறு ஒன்றைச் சொல், தாளைக் கிழி. பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் அவனுக்கு எதிரான ஒரே தாள் அரசாங்கக் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது, அவன் பக்கம் பேசக்கூடிய பத்துத் தாளை நாமே குப்பைத் தொட்டியில் போடுகிறோம்.

அக்காவை மட்டும் குறை சொன்னால் அது யோக்கியமில்லை. 1990களின் தொடக்கத்தில் நான் கட்டாய ராணுவச் சேவையில், முகாமில் கிளார்க். சேவை முடியும் நாளுக்கு அப்போது ஓஆர்டி என்ற பேச்சே கிடையாது, ஆர்ஓடிதான். எங்கள் கம்பெனியில் ஒரு பையன், நம்மாள், மேல் பங்க்கில் படுப்பான். சொல்லாமல் வெளியே போய் மாட்டினான், கூடவே போதைக்காகப் பசை மோப்பம். (அந்தக் காலத்தில் அதுதான் பெரிய தொல்லை. அதற்கென்றே 1987இல் ஒரு சட்டம் வந்தது.) குற்றச்சாட்டுத் தாளைத் தட்டச்சு செய்தது நான். ஒரு வரி, கூடிப்போனால் ஒன்றரை. அவன் அம்மா மருத்துவமனையில் இருந்ததும், இரவில் பொதுத் தொலைபேசிக்குப் பத்துக் காசுகளை எண்ணிக்கொண்டு அவன் போவதும் எனக்குத் தெரியும். மேலதிகாரியிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்டனைக்கு டிபி என்ற ராணுவத் தடுப்பு முகாமுக்குப் போனான். அந்த நாட்கள் சேவைக் கணக்கில் சேராது என்பதால் எங்களுக்கெல்லாம் பிறகுதான் வெளியே வந்தான். சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. என் டைப்ரைட்டரில் அந்த ஒன்றரை வரி மட்டும்தான் ஏறியது, அதைச் சொல்கிறேன்.

பின்னூட்டத்தில் ஒருவர் வந்து "இப்படி இரக்கம் காட்டினால் நாளைக்கு எல்லாரும் கதை சொல்லுவான்" என்று எழுதப்போகிறார், தெரியும். எழுதட்டும். நம் ஊரும் முத்திரையை யோசிக்காத ஊர் இல்லை. வேறு குற்றம் எதுவும் செய்யாமல் போதைப்பொருளை மட்டும் புழங்கியவர்களை வழக்குப் போடாமல் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புகிறோம், அது குற்றப் பதிவாகாது. சிறையிலிருந்து வருபவர்களுக்கு மறுவாய்ப்புக் கொடுக்கச் சொல்லும் மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004இல் தொடங்கியது. மின்சிகரெட்டில் கலந்து வந்த ஈட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை 2025 செப்டம்பர் 1 முதல் சி பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்தார்கள். ஆனாலும் தானாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. தெரிந்த இரண்டு வீட்டில் பையனுடைய மின்சிகரெட்டைப் பிடுங்கிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு, அதோடு முடிந்தது என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனு விஷயத்துக்கு வருகிறேன். 2017உடன் 15ஐக் கூட்டினால் 2032, நேரம் இருக்கிறது. அதைத் தாண்டினாலும் ராணுவப் பதிவுத் திருத்தக் குழு என்று இன்னொன்று உண்டு, அந்த வழி கொஞ்சம் கடினம். மறுஆய்வில் இப்போது இருப்பதைவிட மோசமாக மாற்ற மாட்டார்கள், அதனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. மன அதிர்ச்சி காரணமாகக் காட்டப்படும் சில வகை மனுக்களில் குழுவில் ஒரு மருத்துவரோ மனநல நிபுணரோ இருக்க வேண்டும் என்பது சட்டம். கோப்பு முழுவதையும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள பதிவகத்திலிருந்து கேட்டு வாங்கலாம். முன்னாள் வீரர் சங்கங்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் காசு வாங்காமல் மனு எழுதித் தருகிறார்கள். படிப்பு உதவி வேண்டுமென்றால் ஒரு படி ஏறினால் போதாது, மேல்படிக்கே போக வேண்டும். கேட்கும்போதே அதைக் கேட்டுவிடுவது நல்லது.

அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு மேல் அவனோடு காணொளியில் பேசினேன். அங்கே பகல், வேன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எழுதி வைத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினான். மூன்று பக்கம் மன்னிப்பு, வண்டி கவிழ்ந்தது கடைசியில் ஒரே வரி. "மாமா, சாக்கு சொல்ற மாதிரி இருக்கக்கூடாதுன்னுதான்" என்றான். திருப்பி எழுதுடா என்றேன். மன்னிப்பை அரைப் பக்கத்தில் முடி. எத்தனை மணிக்கு எழுந்தாய், அறையில் யார் இருந்தார்கள், வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய், முதல் தடவை தாமதமானது விபத்துக்கு எத்தனை நாள் கழித்து, இதையெல்லாம் எழுது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பதினொரு நாள்" என்றான். எட்டு வருடம் கழித்தும் அவனுக்குக் கணக்குத் தெரிகிறது.

தீபாவளி அன்று எல்லாரும் எங்கள் ஈசூன் வீட்டில் சாப்பிட்டார்கள். சித்தி வழக்கம்போல அக்காவிடம் கேட்டார்: "உன் மவன் ஆர்மிய விட்டுட்டு இப்ப என்ன பண்றான்?"

அக்கா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் விடல சித்தி. அவங்கதான் அனுப்பிட்டாங்க. இப்ப மனு போடறோம்."

மேசையில் நான்கு பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சித்தி ஒரு நிமிடம் யோசித்தார். "எங்க பெரியவனும் ஒருதடவ உள்ள போய்ட்டு வந்தவன்தான், உனக்குத் தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா இலையில் இன்னொரு வடையை வைத்தார். எனக்கும் தெரியாது. எத்தனை வருடப் பழக்கம்!

இன்னும் மனு அனுப்பவில்லை. இரண்டு கடிதம் வர வேண்டியிருக்கிறது. ஒன்று அக்கா எழுத வேண்டியது, பாதி எழுதிவிட்டார். இன்னொன்று அந்த நண்பனின் அம்மாவுடையது. எட்டு வருடம் கழித்து அவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று போன வாரம் அக்கா கேட்டார். முதலில் அவருடைய பழைய கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள், மனுவைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றேன்.