காமாவின் கதையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிறு இரவு நேரலையைப் பார்த்தவர்களுக்கு இது எதைப் பற்றி என்று சொல்லாமலே புரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அந்த முப்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, மேலே கண்ணீர் விட்டுச் சிரிக்கும் பொம்மையை ஒட்டி, ஆளாளுக்குப் பகிர்ந்து, நேற்று எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். "அக்கா, இது நீங்கதானே?" ஆமாம், நான்தான். சோனிக் என்ற முள்ளெலி ஓடும் சேகா கேம் தொடரில், சோனிக் அட்வென்ச்சரில் வரும் காமா என்ற ரோபோவின் முடிவைச் சொல்லும்போது குரல் உடைந்தது நான்தான். அடுத்த நொடியே, "ஒரு முள்ளெலி ஓடுற கேமுக்கு எதுக்குங்க கதை, ஸ்கிப் பண்ணிட்டு ஓட வேண்டியதுதானே" என்று நடத்துநர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அழுததற்காக எனக்கு வெட்கமில்லை. பதில் சொல்லவிடாமல் போனதுதான் உறுத்துகிறது. அதனால் இங்கே சொல்கிறேன். இந்தத் தொடரில் கதை என்பது ஓட்டத்துக்கு நடுவே வந்து மறிக்கிற ஒன்று இல்லை. நீங்கள் ஓடுவதே கதைதான். 1991இல் முதல் கேம் வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

முதல் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி வசனம் கிடையாது. கிரீன் ஹில் என்ற முதல் இடத்தில் ஒற்றைச் சக்கரத்தில் உருண்டு வருகிற வண்டு ரோபோ மேல் குதிக்கிறீர்கள். அது வெடிக்கிறது. உள்ளேயிருந்து ஒரு முயலோ ஒரு நீலக் குருவியோ வெளியே வந்து, உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், துள்ளித் துள்ளித் திரையை விட்டுப் போய்விடுகிறது. இதுதான் முழுக் கதையும். வில்லன் எக்மேன் விலங்குகளைப் பிடித்து ரோபோக்களுக்குள் அடைக்கிறான், நீங்கள் விடுவிக்கிறீர்கள். யாரும் உங்களை உட்கார வைத்து விளக்கவில்லை. எதிரியைக் கொல்வதற்கு அழுத்துகிற அதே பட்டன்தான் ஒரு உயிரை வெளியே எடுக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே குதியில் நடக்கின்றன. இவ்வளவு சுருக்கமாகக் கதை சொல்கிற கேம்கள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்.

முடிவும் அப்படியே. கேயாஸ் எமரால்டு என்ற ரத்தினங்கள் ஆறையும் சேர்த்திருந்தால் சோனிக்கைச் சுற்றி அவை சுழன்று, கிரீன் ஹில் முழுவதும் பூக்கிறது. சேர்க்கவில்லை என்றால் கடைசித் திரையில் எக்மேன் நின்றுகொண்டு, நீங்கள் விட்ட எமரால்டுகளைக் கையில் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறான். நீங்கள் எதைக் கவனிக்காமல் ஓடிவந்தீர்களோ அது அவன் கையில் இருக்கிறது. இதற்கு வசனம் வேண்டுமா?

"அதெல்லாம் சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் அதேதானே? எக்மேன் வர்றான், எமரால்டு தேடுறான், தோத்து ஓடிப்போறான், அடுத்த கேம்ல திரும்ப வர்றான்" என்று சொல்வீர்கள். சொன்னார்கள், அந்தப் பதிவின் கீழேயே. திரும்பத் திரும்ப வருவதை ஏன் குறையாக நினைக்கிறீர்கள்? ஒரு வழக்கம் நிலைத்துவிட்டால்தான் அதை உடைக்கும்போது வலிக்கும். 1994இல் சோனிக் 3 எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். சோனிக் பொன்னிறத்தில், எல்லா எமரால்டுகளோடும், யாராலும் தொட முடியாத நிலையில் வந்து இறங்குகிறான். போன கேமில் நீங்கள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த வெற்றி அது. தரைக்கடியிலிருந்து நக்கிள்ஸ் என்ற புது எதிராளி பாய்ந்து வந்து ஒரே குத்தில் அத்தனையையும் சிதறடித்து, பொறுக்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போகிறான். வழக்கம் இல்லாவிட்டால் இந்தக் குத்துக்கு என்ன எடை இருந்திருக்கும்?

அதன் தொடர்ச்சியாக அதே வருடம் வந்த சோனிக் அண்டு நக்கிள்ஸில் ஹிட்டன் பேலஸ் என்று ஓர் இடம். நக்கிள்ஸோடு சண்டை போட்டு ஜெயித்த மறுகணம், அவன் காத்துவந்த பெரிய ரத்தினமான மாஸ்டர் எமரால்டை எக்மேன் தூக்கிக்கொண்டு போவதை அவனே நேரில் பார்க்கிறான். பாய்கிறான், மின்சாரம் தாக்கி விழுகிறான். அடுத்த இடத்தில் மூச்சு வாங்க நின்றுகொண்டு உங்களுக்குப் பாதை திறந்து விடுகிறான். இவ்வளவு நேரம் உங்களைக் குழியில் தள்ளி, தள்ளிச் சிரித்தவன், தான் ஏமாந்ததை ஒப்புக்கொள்கிறான், ஒரு வார்த்தை பேசாமல். நீங்கள் அவனைத் தாண்டி ஓடுகிறீர்கள். அவன் அங்கேயே நிற்கிறான். அதைத் தாண்டிப் போகும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயக்கம் வரும்.

சரி, இப்போது என் சொந்தக் கதை ஒன்று. பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியை விட்டுவிடலாம், ஆனால் எனக்கு இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லத் தெரியாது.

சோனிக் 2வை நானும் என் தம்பியும் சேர்ந்து ஆடினோம். நான் மூத்தவள், அதனால் நான் சோனிக். அவனுக்கு இரண்டாவது கன்ட்ரோலர், அதனால் அவன் டெயில்ஸ், சோனிக்கின் துணையாக வரும் இரட்டை வால் நரி. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. டெயில்ஸுக்குச் சாவில்லை. பள்ளத்தில் விழுந்தாலும், நான் அவனை விட்டுவிட்டு வேகமாக ஓடிவிட்டாலும், கொஞ்ச நேரத்தில் இரண்டு வாலையும் சுழற்றிக்கொண்டு மேலேயிருந்து பறந்து வந்துவிடுவான். தம்பி விழுந்த ஒவ்வொரு முறையும் "வந்துட்டேன் அக்கா, வந்துட்டேன்" என்று கத்துவான். பாஸ் சண்டையில் நான் ஒதுங்கிக்கொண்டு அவனை அடிக்கச் சொல்வேன், ஏனென்றால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள் ஸ்கை சேஸ் என்ற இடம் வரை வந்தோம். விமானத்தை டெயில்ஸ் ஓட்டுகிறான், சோனிக் மேலே நிற்கிறான். தம்பி பட்டனை அழுத்துகிறான், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த இடத்தில் விமானத்தையே சுட்டுவிட்டார்கள், டெயில்ஸ் கீழே விழுந்து மறைந்துபோனான். தம்பி கன்ட்ரோலரைப் பிடுங்கிச் செருகினான், திரும்பப் பிடுங்கிச் செருகினான், உடைந்துவிட்டது என்று நினைத்தான். கடைசியாக டெத் எக், எக்மேனின் விண்வெளிக் கோட்டை. அங்கே சோனிக் மட்டும்தான். அடிபட்டாலும் நம்மைக் காப்பாற்றும் தங்க வளையமான ரிங் ஒன்றுகூடக் கிடையாது, ஒரே அடி பட்டால் முடிந்தது, அடுத்தடுத்து இரண்டு பாஸ். இவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்தவன் இல்லாமல் அந்த இடத்தை நான் எத்தனை தடவை தோற்றேன் என்று கணக்கில்லை. தம்பி ஆட முடியாவிட்டாலும் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஜம்ப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஜெயித்த அன்று, டெத் எக் வெடித்துச் சோனிக் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும்போது, டெயில்ஸ் விமானத்தோடு வந்து அவனைத் தாங்கிப் பிடித்தான். தம்பி எழுந்து நின்று "வந்துட்டேன் அக்கா" என்றான்.

அந்த நேரத்தில் நாங்கள் வசனம் எதுவும் படிக்கவில்லை. 1992இல் வந்த அந்த கேமில் படிப்பதற்கு வசனமே இல்லை. ஆனால் துணை இல்லாமல் போவது என்றால் என்ன, துணை திரும்பி வருவது என்றால் என்ன என்று இரண்டாவது கன்ட்ரோலரை முடக்கி வைத்தே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். "ஸ்கிப் பண்ணிட்டு ஓடுங்க" என்கிறாரே, இதில் எதை ஸ்கிப் செய்வது?

இப்போது காமாவுக்கு வருகிறேன். 1998 கடைசியில் ஜப்பானில் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்தது சோனிக் அட்வென்ச்சர். ஆறு பேரின் கதை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆட வேண்டும். அதில் ஒருவன் காமா, எக்மேன் செய்த ரோபோ. முதல் கேமிலிருந்து நாம் யோசிக்காமல் உடைத்துப் போட்ட ரோபோ ஜாதியில் ஒருவனாக நாமே ஆடுகிறோம். அவனுடைய சகோதர ரோபோக்கள் எக்மேன் தேடச் சொன்ன தவளைக்குப் பதில் வேறு தவளைகளைப் பிடித்து வந்ததற்காகத் துரத்தப்படுகிறார்கள். சிறையில் அடைக்கப்பட்ட சோனிக்கின் தோழி ஏமி அவனிடம் பேசுகிறாள், அவளிடம் இருந்த குருவிக்காகக் கெஞ்சுகிறாள், அவன் அவர்களைப் போகவிடுகிறான். அதற்குப் பிறகு காமா எடுக்கிற முடிவைக் கவனியுங்கள். தன் சகோதரர்களுக்குள் அடைபட்டிருக்கும் விலங்குகளை விடுவிக்க வேண்டும், அதற்கு ஒரே வழி சகோதரர்களை உடைப்பது. ஒவ்வொருவனாகத் தேடிப் போய் உடைக்கிறான், ஒவ்வொருவனுக்குள்ளிருந்தும் ஒரு விலங்கு வெளியே வருகிறது. கடைசியாக பீட்டா. இந்தக் கணக்கில் இன்னும் ஒரே ஒரு ரோபோ மிச்சம் இருக்கிறான் என்பதும், அவன் யார் என்பதும், ஆடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நமக்கு உறைக்கும். நமக்கு அப்படி உறைத்தால்தான் அந்தக் கதை வேலை செய்யும்.

ஏழு வருடமாக நாம் செய்துகொண்டிருந்த அதே காரியம். மேலே குதி, வெடிக்கும், குருவி வரும். அந்த வழக்கத்தை எடுத்து, "இந்தப் பக்கம் நின்று பார்" என்று திருப்பிக் காட்டினார்கள். குருவியும் சும்மா ஒரு குருவி இல்லை. ஃபிளிக்கி என்று 1984இல் சேகாவின் ஆர்கேட் கேம் ஒன்று உண்டு, தொலைந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வீட்டுக்குக் கூட்டிப்போகும் பறவையின் ஆட்டம். அந்தப் பறவைதான் சோனிக்கின் முதல் கேமில் ரோபோவுக்குள் அடைபட்டது, அந்தப் பறவையின் குடும்பத்தைத்தான் காமாவின் கதை சேர்த்து வைக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

"எல்லாக் கதையும் இப்படி இல்லையே, 2006இல் வந்த சோனிக் கேம் என்ன லட்சணம்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். இளவரசி, முத்தம், கடைசியில் காலத்தையே அழித்து எதுவும் நடக்கவில்லை என்று முடித்தது, எல்லாம் எனக்கும் தெரியும். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. 2017இல் வந்த சோனிக் ஃபோர்சஸையும் நானே எடுத்துத் தருகிறேன். சோனிக்கைப் பிடித்து ஆறு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள், சித்திரவதை செய்தார்கள் என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவனோ வெளியே வந்ததும் ஜோக் அடிக்கிறான். அந்த ஆறு மாதத்தின் ஒரு நொடியைக்கூட நம் கையால் ஆடவில்லை, அதனால் நமக்கும் வலிக்கவில்லை. ஆனால் இதிலிருந்து "கதையே வேண்டாம்" என்று எப்படி வருகிறது? கதையை ஓட்டத்திலிருந்து பிரித்ததால்தான் கெட்டது என்றுதானே வருகிறது? நான் சொல்வதும் அதைத்தான்.

இன்னொருவர் நாகரிகமாகவே எழுதியிருந்தார், "நல்ல கதை வேணும்னா அதுக்குப் பெரியவங்க கேம் இருக்கு, இது குழந்தைங்களுக்கானது" என்று. குழந்தைகளுக்கானது என்றால் அதில் யாரும் அழக்கூடாதா? குழந்தைகள் எதற்கும் அழாதவர்களா? கார்ட்டூன் விலங்கு என்றதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று யார் சொன்னது? எமரால்டுகளின் சக்தியால் பொன்னிறமான சூப்பர் சோனிக் ஆனதும் விநாடிக்கு ஒரு ரிங் குறைந்துகொண்டே போகிறதே, கடைசிச் சண்டையில் அந்த எண் பத்துக்குக் கீழே இறங்கும்போது கை வியர்க்கிறதே, அது வெறும் எண் என்றால் ஏன் வியர்க்கிறது? சோனிக் அட்வென்ச்சர் 2 முடிவில் அப்படிப் பொன்னிறமாக மாறிய ஷேடோ என்ற ஒருவன் விழுந்த பிறகு, அவன் கையில் போட்டிருந்த வளையம் மட்டும் சோனிக்கிடம் மிஞ்சுகிறது. 2001இல் அதைப் பார்த்து வாயடைத்துப் போன எத்தனையோ பேர் இப்போது பெரியவர்கள். அவர்களில் சிலர் ஞாயிறு இரவு அந்த அரட்டையில் இருந்தார்கள், எனக்குத் தெரியும், என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் இரண்டு பேர் அவர்கள்தான். நடத்துநர் கேட்டதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது, உண்மையைச் சொன்னால்.

நேற்று அந்தத் துண்டைத் திரும்பப் பார்த்தேன். நான் பேசும்போது பின்னால் காமாவின் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. பீட்டா விழுந்தாயிற்று. காமா தள்ளாடிக்கொண்டு சில அடி நடக்கிறது, நிற்கிறது, வெடிக்கிறது. எல்லோரும் சிரிக்கத் தொடங்கியதும் நடத்துநர் வீடியோவை அங்கேயே நிறுத்திவிட்டார். திரையில் புகை மட்டும் நிற்கிறது. பறவை இன்னும் வெளியே வரவில்லை.