புளிப்பு மீன் குழம்புக்கும் ஈடுகொடுக்கும் வெர்திக்கியோ

இத்தாலிக்குப் போகிற நண்பர்கள், மீனோடு குடிக்க எந்த வெள்ளை ஒயின் நல்லது என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான்: வெர்திக்கியோ. பலர் பினோ கிரிஜியோ என்ற வெள்ளை ஒயினை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அது மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரசாரமான, எண்ணெய் மிதக்கிற, புளிப்பு தூக்கலான சாப்பாட்டுக்கு முன்னால் அது காணாமல் போய்விடும். வெர்திக்கியோ போகாது.

இத்தாலியின் கிழக்குக் கரையில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய மார்கே பகுதியின் திராட்சை இது. அங்கோனா துறைமுகத்திலிருந்து உள்ளே போனால் யேசி நகரம் வரும். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1194இல் பிறந்த ஊர். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் பெரும்பகுதி விளைகிறது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை, நல்ல புளிப்பு, விழுங்கிய பிறகு நாக்கில் தங்கும் லேசான வாதுமைக் கசப்பு. அந்தக் கசப்பு பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கோ அடுத்த வாய் சாப்பாட்டுக்கு அதுதான் பசியைத் தூண்டுகிறது.

இந்த ஒயினுக்கு அதன் புட்டியே ஒரு அநியாயம் செய்துவிட்டது. 1953இல் ஃபாத்ஸி பத்தாலியா என்ற ஒயின் நிறுவனத்துக்காக அந்தோனியோ மயோக்கி என்ற கட்டடக் கலைஞர், பழங்கால அம்போரா சாடியைப் போல இடுப்பு வளைந்த பச்சைப் புட்டி ஒன்றை வடிவமைத்தார். அந்தப் புட்டி உலகம் முழுக்கப் போனது. வெர்திக்கியோவும் பிரபலமானது. கூடவே, புட்டி அழகுக்காக வாங்கும் மலிவுச் சரக்கு என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அங்கோனாவின் ப்ரோதெத்தோ என்ற மீன் குழம்பில் 13 வகை மீன் சேர வேண்டும் என்பது வழக்கம். தக்காளியோடு வினிகரும் விடுவார்கள். வினிகர் சேர்ந்த உணவுக்குப் பக்கத்தில் புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால் சப்பென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடும். வெர்திக்கியோவின் புளிப்பு குழம்பின் புளிப்புக்குச் சரிசமமாக நிற்பதால் மீனின் ருசி தனியாகத் தெரிகிறது. அதே ஊரில் நார்வேயிலிருந்து வரும் உப்பில்லாத காட் மீன் கருவாட்டை ஊறவைத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, தாராளமான ஆலிவ் எண்ணெயோடு வெகுநேரம் வேகவிடுவார்கள். சமைக்கும்போதே பாத்திரத்தில் வெர்திக்கியோ ஊற்றுவது உண்டு. அத்தனை எண்ணெயையும் வாயிலிருந்து துடைத்தெடுக்க இந்த ஒயினால்தான் முடியும். அஸ்கோலி ஊரின் பெரிய பச்சை ஆலிவ்களைக் கொட்டை நீக்கி, உள்ளே இறைச்சி அடைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்களே, அதற்கும் இதே கணக்குதான்.

மீனுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். காட்டுச் சோம்பும் பூண்டும் சேர்த்துச் சமைக்கும் முயல்கறி மார்கேயில் பிரபலம். அதற்கு நான் மத்தேலிகா வெர்திக்கியோவைத்தான் சொல்வேன். மத்தேலிகா கடலைப் பார்க்காத உள்நாட்டுப் பள்ளத்தாக்கு. இரவுக் குளிர் அதிகம் என்பதால் திராட்சையில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. யேசி ஒயினைவிட இது கொஞ்சம் இறுக்கமானது, கறியைத் தாங்கும். ஆனால் வின்சிஸ்கிராஸி என்ற இறைச்சி லசான்யாவுக்கு (அடுக்கடுக்காக வைத்துச் சுடும் பாஸ்தா) வெர்திக்கியோ போதாது. அங்கே அதே பகுதியின் சிவப்பு ஒயினான ரோஸ்ஸோ கோனெரோவுக்குப் போய்விடுவது நல்லது.

வெர்திக்கியோ கிடைக்காத இடத்தில் வட இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கத்து வெள்ளை ஒயினான லுகானா இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டின் திராட்சையும் ஏறக்குறைய ஒன்றே என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்புறம், வெள்ளை ஒயினென்றால் அந்த வருடமே குடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை இதனிடம் காட்டாதீர்கள். ரிசர்வா வகை விற்பனைக்கு வருவதற்கு முன்பே குறைந்தது 18 மாதம் முதிர வேண்டும் என்பது விதி. நல்ல தயாரிப்பாளரின் ரிசர்வா பத்து ஆண்டுகள் தாராளமாக நிற்கும், தேன் வாசனைகூட வரும். குளிரிலும் கவனம் வேண்டும். உணவகத்தில் பனிக்கட்டி வாளியில் முக்கி வைத்தால், வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 10 முதல் 12 டிகிரி போதும். உறைகிற குளிரில் வாதுமைக் கசப்பு மட்டும்தான் மிஞ்சும், மணம் ஒன்றும் மேலே வராது.