சித்தி அணைக்க மறந்த கேமரா

தாராவியில் இருக்கும் என் சித்தி, மகள் கல்யாணமாகி ஷார்ஜா போன பிறகு வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் ஒரு நிமிடம். முகத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, "சாப்ட்டியா? நாங்க நல்லா இருக்கோம்" என்று சொல்லி வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்.

போன மாதம் ஒருநாள் போனை மாவு டிரம்மில் சாய்த்து வைத்துப் பேசியவர் அணைக்க மறந்துவிட்டார். 26 நிமிடம் ஓடியிருக்கிறது. பாதித் திரையை கிரைண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதியில் மோரியும் (பாத்திரம் கழுவுகிற மூலை) நாலு குடமும். "தண்ணி வந்துருச்சு" என்று பக்கத்து வீட்டுக் குரல். சித்தப்பா இட்லி அடுக்கை சைக்கிளில் கட்டுகிறார், கயிற்றைத் திட்டுகிறார். அவர் கிளம்பியதும் சித்தி மோரிச் சுவரில் கை ஊன்றி, முட்டியைப் பிடித்தபடி நிற்கிறார். கொஞ்ச நேரம் இல்லை, குடம் நிறைந்து வழிகிற வரை.

எனக்கு இது எந்த ஆவணப்படத்துக்கும் குறைந்ததில்லை.

'லைஃப் இன் எ டே' பார்த்தவர்களுக்குத் தெரியும். 2010 ஜூலை 24 அன்று உலகம் முழுக்க சாதாரண ஜனங்கள் தாங்களே எடுத்து யூடியூபில் ஏற்றியதை வைத்து கெவின் மெக்டொனால்ட் செய்த படம். வந்தது 80,000 துண்டு, சுமார் 4,500 மணி நேரம். படமோ 95 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: திரையில் ஒரு நிமிடத்துக்கு 47 மணி நேரம். நல்ல படம்தான், நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் "மக்களே எடுத்த படம்" என்று சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. எடுத்தது மக்கள், சரி. எதை வைப்பது என்று முடிவு செய்தது எடிட்டிங் அறை. முட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற ஆளை அங்கே யார் விட்டுவைப்பார்கள்?

கேள்விகளும் கொடுத்திருந்தார்கள். எது பிடிக்கும், எதற்குப் பயம், பாக்கெட்டில் என்ன இருக்கிறது. (சித்திக்கு ஏது பாக்கெட்? இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான்.) கேள்வி கேட்டால் நம் ஆட்கள் பொட்டு வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள்.

இன்னொன்று, யாரால் அனுப்ப முடிந்தது என்பது. அந்தப் படத்துக்காக வளரும் நாடுகளுக்கு 400 கேமராக்களைக் கொடுத்தனுப்பினார்கள். இதே பாணியில் ரிச்சி மேத்தா செய்த 'இந்தியா இன் எ டே' படத்துக்குக் காட்சிகள் எடுக்கப்பட்டது 2015 அக்டோபர் 10. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்கு முன்னால் தாராவியில் ஒரு வீடியோவை ஏற்றுவதென்றால் டேட்டா பேக் ஒரே நாளில் காலி. அப்போது சித்தியிடம் இருந்தது பட்டன் போன். இன்று அதே சந்தில் வீட்டுக்கு மூன்று கேமரா இருக்கிறது, ஆனால் எல்லாம் முப்பது செகண்ட் ரீல்ஸ். எடிட்டர் வெட்டுவதற்கு முன்னால் நாமே வெட்டிவிடுகிறோம்.

அந்த 26 நிமிடத்தைத் தங்கச்சி முழுக்கப் பார்த்திருக்கிறாள். உடனே போன். "முட்டி வலின்னு ஏம்மா சொல்லல?"

சித்திக்குக் கோபம் என் மேல்தான், போன் வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால். இப்போதெல்லாம் பேசி முடித்ததும் அணைத்து, திரை இருண்டுவிட்டதா என்று பார்த்து, போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத்தான் குடத்தைத் தொடுகிறார்.