தலைப்பைக் கடைசியில் தனியாகப் பாருங்கள்

அஞ்சல்வழியில் மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சாகும் முன் பிழை திருத்த, கற்றால் மறுமாதமே சம்பாதிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்துங்கள் ஐயா, தோட்டத்துப் பிள்ளைகள் நம்பிக் கையிலிருக்கும் வேலையை விட்டுவிடுவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே படித்தவள் நான். முதல் கூலி வர 8 மாதம் ஆனது. பாடம் நல்ல பாடம்தான். பிஎஸ் 5261 என்ற பிரிட்டிஷ் தரநிலையின் திருத்தக் குறிகள் அதில்தான் கைவந்தன. ஆனால் ஆங்கிலப் பாடமாயிற்றே, ஒற்றுப்பிழைக்கும் ண, ன குழப்பத்துக்கும் அதில் இடமேது? அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலர். ‘திருப்பணி’ 7 இடத்தில் ‘திருப்பனி’ என்றிருந்தது. அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்கியதில் 6 அகப்பட்டன. ஏழாவது தலைப்பிலேயே இருந்தது, பெரிய எழுத்தில். அன்றிலிருந்து தலைப்பைக் கடைசியில் தனியாகப் பார்க்கிறேன், அப்புறம் நன்கொடையாளர் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக.