உக்ரேனுக்குப் போகும் ஆயுதமும் அனுமதிக் கடிதமும்

உக்ரேன் சண்டை பற்றி யாழ்ப்பாணத்து முகநூலில் நடக்கிற வாக்குவாதங்களில் பாதி, ஜேர்மன் டாங்கி லெப்பேட் பெரிதா ரஷ்ய டாங்கி டி-90 பெரிதா என்பதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. ஆயுத உதவியை விளங்கிக்கொள்ள அது உதவாது. ஒரு நாடு "14 டாங்கி தருகிறோம்" என்று அறிவித்தால் கேட்க வேண்டியவை வேறு. அதற்குச் செல் (பீரங்கிக் குண்டு) யார் தருவது? குழல் தேய்ந்தால் எங்கே கழற்றி மாற்றுவது? இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க யாருடைய கையெழுத்து வேண்டும்? இந்த யுத்தத்தில் உதவி பிந்தியதற்கான காரணங்களில் பெரும்பங்கு இந்த மூன்றுக்குள் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் கையெழுத்து. காசு கொடுத்து ஆயுதம் வாங்கிய நாடு அதற்கு முழுச் சொந்தக்காரன் ஆகிவிடாது. வேறொருவருக்குக் கொடுப்பதானால் செய்த நாட்டைக் கேட்க வேண்டும் என்று வாங்கும்போதே எழுதிக்கொடுத்திருப்பார்கள். கிபிர் போர் விமானத்தின் சத்தம் தெரியாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. அதை இலங்கைக்கு விற்றது இஸ்ரேல், ஆனால் உள்ளே இருந்தது அமெரிக்க வடிவமைப்பான ஜே-79 இயந்திரம். அதனால் வொஷிங்டன் தலையாட்டாமல் இஸ்ரேலால் ஒரு கிபிரைக்கூட வெளியே விற்க முடியாது. 1977 இல் எக்குவடோருக்கு விற்கப் போனபோது கார்ட்டர் நிர்வாகம் மறித்தது இந்த இயந்திரத்தைக் காட்டித்தான்.

லெப்பேட் கதையும் அதே கதைதான். போலந்து தன்னிடமிருந்த 14 லெப்பேட் 2 ஏ4 டாங்கிகளைக் கொடுக்க ஆயத்தமாக நின்றது. பெர்லின் வாய் திறக்கவில்லை. தனியாகப் போய் ரஷ்யாவின் முன்னால் நிற்க அப்போதைய ஜேர்மன் சான்சலர் சோல்ஸ் விரும்பவில்லை. 2023 ஜனவரி 25 அன்று அமெரிக்கா தன் 31 ஏப்ராம்ஸ் டாங்கிகளைத் தருவதாக அறிவித்தது. அதே நாள்தான் ஜேர்மனி 14 லெப்பேட் 2 ஏ6 தருவதாகவும் மற்ற நாடுகள் தங்களுடையதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னது.

இதைவிட மோசம் சுவிஸ். ட்ரோன் விழுத்துவதில் நல்ல பெயர் எடுத்த கெப்பார்ட் விமான எதிர்ப்பு வாகனங்களை ஜேர்மனி கொடுத்தது. அதன் 35 மி.மீ ரவைகள் சுவிஸில் செய்தவை. ஜேர்மனியின் கையிருப்பில் இருந்த 12,400 ரவைகளை உக்ரேனுக்குக் கொடுக்க சுவிஸ் அரசு அனுமதிக்கவில்லை, நடுநிலைச் சட்டம் இடம் தராது என்றது. கெப்பார்டின் இரண்டு குழலும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,100 ரவை சுடும். கணக்குப் பார்த்தால் ஒரேயொரு வண்டி நிறுத்தாமல் சுட்டால் பதினொரு நிமிடத்தில் முடிகிற ரவைக்காகத்தான் இவ்வளவு இழுபறி! கடைசியில் ரைன்மெற்றல் நிறுவனம் ஜேர்மனிக்குள்ளேயே புது உற்பத்தி வரிசை போட்டு, 2023 செப்டெம்பரில்தான் முதல் தொகுதியை ஒப்படைத்தது. (சுவிஸில் இருக்கிற நம்மவர்கள் கோபிக்க வேண்டாம், சட்டம் அப்போது அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு சுவிஸ் ரவையை நம்பி வாங்க மற்ற நாடுகள் யோசிக்கும்தானே.)

இனி செல். ஆட்லறி செல் என்றால் பலர் ஒரு முழுச் சாமானை நினைக்கிறார்கள். 155 மி.மீ (குழலின் உள்விட்டம்) இல் அது நாலு சாமான்: நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள உருக்குச் செல், அதன் மூக்கில் பூட்டி அதை வெடிக்க வைக்கும் பியூஸ், பின்னால் தள்ளும் மருந்துப் பொதிகள், அதைப் பற்றவைக்கும் பிறைமர். நாலில் ஒன்று குறைந்தாலும் ஆட்லறி சும்மா நிற்கும். ஐரோப்பாவில் உருக்கு உருக்க ஆட்கள் இருந்தார்கள். தட்டுப்பாடு வந்தது உள்ளே நிரப்பும் டிஎன்டி வெடிமருந்துக்கும் தள்ளு மருந்துக்கும். தள்ளு மருந்துக்கு நைட்ரோசெலுலோஸ் வேண்டும், அதற்குப் பஞ்சு வேண்டும், அந்தப் பஞ்சில் பெரும்பங்கு வந்தது சீனாவிலிருந்து. நேட்டோ நாடுகளில் டிஎன்டியைப் பெரிய அளவில் செய்ய மிஞ்சியிருந்தது போலந்தின் பிட்கோஷ்ச் ஆலை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் பன்னிரண்டு மாதத்தில் பத்து லட்சம் செல் தருவதாகச் சொல்லி, தவணை முடியும்போது பாதியளவுதான் கொடுத்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. யுத்தம் தொடங்கியபோது அமெரிக்காவே மாதம் 14,000 அளவில்தான் செய்துகொண்டிருந்தது.

"நேட்டோ தரம்" என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. எம்-777, பிஇசற்-2000, சீசர், கிராப், ஏஎஸ்-90, ஆர்ச்சர், எம்-109 என்று பல நாடுகள் கொடுத்த ஆட்லறிகள் எல்லாம் 155 மி.மீ தான். ஆனால் எம்-777 இன் குழல் நீளம் விட்டத்தைப்போல் 39 மடங்கு, பிஇசற்-2000 இனது 52 மடங்கு. மருந்து வைக்கும் அறையின் கொள்ளளவு வேறு, மருந்துப் பொதியின் எண்ணிக்கை வேறு, இலக்குக் கணிக்கும் அட்டவணை வேறு. பத்து நாட்டு வாகனத்தை ஒரே கராச்சில் விட்டுவிட்டு ஒரு மெக்கானிக்கைத் திருத்தச் சொன்ன மாதிரி. அதோடு எதிராளியின் ஆட்லறிக்கு எட்டாமல் நிற்க வேண்டும் என்று தூரத்தில் நின்று கூடிய மருந்து வைத்தே சுட்டார்கள். கூடிய மருந்து குழலைச் சீக்கிரம் தின்னும். தேய்ந்த குழலில் தூரமும் குறையும், செல்லும் சிதறி விழும். 2022 கோடையிலேயே ஒரு நாளில் நூறுக்கு மேல் சுட்ட பிஇசற்-2000 கள் பழுதுக்குப் போயின.

122 மி.மீ பல்குழல் ரொக்கெட் ஏவிக்கு வேறு பிரச்சினை. 2000 இல் ஆனையிறவு விழுந்த பிறகு கொழும்பு அவசரமாக வாங்கிய ஆர்எம்-70, 40 குழாய் உள்ள செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பு. அதே இனத்தைத்தான் செக் குடியரசு உக்ரேனுக்கும் கொடுத்தது. அதற்கான ரொக்கெட்டும் சோவியத் அளவுச் செல்லும் நேட்டோவின் கையிருப்பில் வற்றிப்போனதால் உலகெங்கும் தேட வேண்டி வந்தது. 2024 பெப்ரவரியில் செக் ஜனாதிபதி பாவெல், ஐரோப்பாவுக்கு வெளியே 155 இல் ஐந்து லட்சமும் 122 இல் மூன்று லட்சமும் இருக்கிறது, காசு தாருங்கள் என்றார். விற்கிற நாடுகளின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்.

டாங்கியில் நாலு வகைச் செல். சோவியத் டாங்கிக்கு 125 மி.மீ. லெப்பேட் 2 க்கும் ஏப்ராம்ஸுக்கும் 120, உள்ளே வழுவழுப்பான குழல். பிரித்தானியாவின் சலஞ்சர் 2 உம் 120 தான், ஆனால் உள்ளே புரி வெட்டிய குழல், செல்லும் மருந்தும் தனித்தனி. லெப்பேட்டின் செல் அதற்குள் போகாது. லெப்பேட் 1 க்கு 105. சுலோவேனியா கொடுத்த 28 எம்-55எஸ் உம் 105 தான். அது வன்னியில் பார்த்த அதே டி-55 உடம்பு, குழல் மட்டும் மேற்கத்தையது. அதற்குக் கைமாறாக ஜேர்மனி சுலோவேனியாவுக்கு 40 லொறி கொடுத்தது. எடையையும் மறக்கக்கூடாது. டி-72 ஐ நாற்பத்தைந்து தொன் அளவில் வைத்துக் கட்டிய பாலத்திலும், அதை இழுக்கிற மீட்பு வண்டியிலும் அறுபது தொன் லெப்பேட்டை ஏற்றிவிட முடியாது.

டொலர் கணக்கும் வழுக்கும். களஞ்சியத்தில் கிடந்த சாமானுக்குப் புது விலை போட்டதால், உதவியின் பெறுமதியை 6.2 பில்லியன் டொலர் கூட்டிக் காட்டிவிட்டதாக 2023 யூனில் பென்டகனே ஒப்புக்கொண்டது.

பிறகு அரசியல். அமெரிக்க காங்கிரஸில் ஆறு மாதம் முடங்கிய உதவி 2024 ஏப்ரலில்தான் சட்டமானது. அதற்கிடையில் செல் பஞ்சத்தோடு கிழக்கு உக்ரேனின் அவ்திவ்கா நகரம் பெப்ரவரியில் விழுந்தது. 2025 மார்ச்சில் ட்ரம்ப் உதவியையும் உளவுத் தகவலையும் ஒரு வாரம் போல நிறுத்தினார். அந்த யூலையிலிருந்து புது ஏற்பாடு: அமெரிக்க ஆயுதம், காசு ஐரோப்பாவினது.

எனக்குச் சரியாகப் படுவது டென்மார்க்கின் வழி. முதலில் தன்னிடமிருந்த 19 சீசர் ஆட்லறியையும் கொடுத்தது. பிறகு உக்ரேன் தானே செய்கிற பொஹ்தானா ஆட்லறிக்கு நேரே காசு கட்டியது. யாருடைய அனுமதியும் தேவையில்லை, உதிரிப்பாகம் பக்கத்திலேயே. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்கு ரஷ்ய ஏவுகணை வரும். பலிஸ்டிக் ஏவுகணையை மறிக்கும் பேட்ரியட் வான் பாதுகாப்பு முறையின் பிஏசி-3 ஏவுகணையை அமெரிக்காவும், உரிமம் பெற்று யப்பானும்தான் செய்கின்றன. 2023 டிசம்பரில் யப்பான் தன் ஏற்றுமதி விதியைத் தளர்த்தியபோதும், கொடுக்கச் சம்மதித்தது அமெரிக்காவின் களஞ்சியத்துக்கு மட்டும்.