ஏதோ இருக்கேன்

போன ஞாயிறு மும்பை மாட்டுங்காவில் நண்பர் வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று மாதமாக இதுதான் கதை. ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, அதற்கு ஆளுக்கொரு தமிழ். 'இருத்தலின் இருப்பு', 'உளதாம் தன்மை' என்று நோட்டுப்புத்தகம் நிறைந்துகொண்டே போனது. வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்கு ஏறலப்பா, டீ போடுறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

ஏறாததற்குக் காரணம் அவர் மண்டை இல்லை. நாங்கள் கண்டதையெல்லாம் பெயர்ச்சொல்லாக்கி வைத்ததுதான் என்பது என் கட்சி. 'இருத்தல்' என்று சொன்னதுமே அது ஏதோ ஒரு பொருள், எங்கோ ஒளிந்திருக்கிறது, பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. 1927இல் வந்த ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்', நாங்கள் படிக்கிற அந்த நூல், தொடக்கத்திலேயே இதைத்தான் மறுக்கிறது. இருக்கிற பொருட்களில் இன்னொரு பொருளல்ல இருத்தல் என்கிறது.

அதே தொடக்கப் பக்கங்களில் ஹைடெக்கர் தரும் உதாரணம்: வானம் நீலமாக இருக்கிறது. இந்த 'இருக்கிறது' எல்லோருக்கும் புரியும், ஆனால் என்னவென்று சொல்லத் தெரியாது என்பது அவர் வாதம். தமிழில் இது அப்படியே உட்காராது. நமக்கு 'வானம் நீலம்' போதும். 'அவர் டாக்டர்' என்பதில் வினையே கிடையாது. ஹைடெக்கரைப் பாடாய்ப் படுத்திய சொல் நம் வாக்கியத்தில் பாதி நேரம் வருவதே இல்லை.

சரி, நம்முடைய 'இரு' எங்கே வருகிறது? "கொஞ்சம் இரு, வர்றேன்." "எங்க இருக்கீங்க?" "டோம்பிவிலியில இருக்கேன்." காத்திருப்பதும் தங்குவதும் வாழ்வதும் நமக்கு ஒரே வினை. உலகத்தில் இருப்பது என்றால் டம்ளருக்குள் தண்ணீர் இருப்பது போல அல்ல, குடியிருப்பது, பழகிக் கிடப்பது என்று விளக்க ஹைடெக்கர் பழைய ஜெர்மன் வேர்ச்சொற்களைத் தோண்டுகிறார். டம்ளரில் தண்ணி இருக்கு, நான் தாராவியில் இருந்தேன். வினை ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்பா தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்தார். "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ இருக்கேன்." நல்லா இருக்கேன் என்றோ சரியில்லை என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. சலிப்பில் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஹைடெக்கர் 'பெஃபின்ட்லிஷ்கைட்' என்று ஒரு சொல்லைச் செய்கிறார். நலம் விசாரிக்க ஜெர்மன்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வியின் வினையிலிருந்து செய்த சொல் அது. 1962இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மெக்வாரியும் ராபின்சனும் அதை மனநிலை என்று பொருள்படும்படி ஆக்கிவிட்டார்கள். நாங்களும் 'மனநிலை' என்று எழுதி வைத்தோம். அதோடு விஷயம் மண்டைக்குள் போய் அடைந்துகொண்டது. ஹைடெக்கர் சொல்ல வந்தது மனசுக்குள் நடப்பதை அல்ல. நான் கேட்காமலே இங்கே வந்து விழுந்திருக்கிறேன், இருந்தாக வேண்டியிருக்கிறது, அந்தப் பாரம் எனக்கு எப்படியோ தெரிகிறது என்பதை. 'எப்படி இருக்கீங்க'வுக்கும் 'ஏதோ இருக்கேன்'க்கும் நடுவில் அதில் பெரும்பகுதி வந்துவிடுகிறது.

வேலை ஓடும்வரை கையிலிருக்கும் சுத்தியலை நாம் கவனிப்பதில்லை, அது உடைந்தால்தான் கண்ணில் படுகிறது என்பார் ஹைடெக்கர். இந்தச் சுத்தியல் உதாரணத்துக்கு நாங்கள் மெனக்கெடவே இல்லை. அன்றைக்கு மாட்டுங்கா – முலுண்ட் மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயில்களை மாற்றிவிடும் நாள். தினமும் ஏறி இறங்கும் லோக்கல் ரயிலை நான் பார்ப்பதே கிடையாது. கைப்பிடி கைக்கு வாகாக வரும், கால் தானாக இறங்கும். மெகா பிளாக் அன்றுதான் தண்டவாளம், இண்டிகேட்டர், எந்த ஸ்டேஷனில் நிற்கும் எதில் நிற்காது எல்லாம் கண்ணில் படுகிறது. தாமதமாகப் போனதற்கு இதையே காரணமாகவும் சொல்லிக்கொண்டேன்.

'எல்லோரும் இப்படித்தான்' என்னும்போது வருகிற அந்தப் பெயரில்லாத ஆளை ஹைடெக்கர் 'டாஸ் மான்' என்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் 'அவர்கள்' என்று போடுகிறார்கள். அது தப்பு வழி காட்டுகிறது, ஏனென்றால் அதில் நானும் சேர்த்தி. நம்மிடம் 'நாலு பேர்' இருக்கிறார்கள். நாலு பேர் என்ன சொல்வாங்க? அந்த நாலு பேரை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் படிப்பு, கல்யாணம், டோம்பிவிலி ஃபிளாட் எல்லாவற்றையும் முடிவு செய்தது அவர்கள்தான். அப்பா இறந்த அன்று வந்தவர்களெல்லாம் சொன்னது: "எல்லாரும் ஒருநாள் போக வேண்டியதுதானே." ஹைடெக்கர் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை எடுத்துவைத்து, இது சாவை யாருடையதும் இல்லாமல் ஆக்கிவிடுகிற பேச்சு என்கிறார். அன்று அது ஆறுதலாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகலாமே தவிர, அப்பாவுக்குப் பதிலாக ஒருவரும் சாக முடியாது.

இன்னொன்று. பயத்துக்குக் காரணம் உண்டு. பதற்றத்துக்கு எதுவென்று காட்ட முடியாது. அது அடங்கிய பிறகு கேட்டால் "ஒண்ணுமில்லை" என்போம் என்று ஹைடெக்கரே எழுதுகிறார். வேடிக்கை என்னவென்றால் அதை உண்மையான பதிலாக எடுத்துக்கொள்கிறார்: பதறவைத்தது அந்த ஒன்றுமில்லாததுதான். இதை வாசித்தபோது டீ போடப் போன அண்ணன் சமையலறை வாசலில் நின்று, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் தமிழனுக்கு அன்றே தெரியும்' என்று யாரும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். சொல் கையில் இருப்பது வேறு, அதைக் கேள்வியாக்குவது வேறு. எங்கள் தெருவில் யாரும் 'ஏதோ இருக்கேன்' என்பதை யோசித்துப் பார்த்ததில்லை, நான் உட்பட. ஹைடெக்கரையும் கும்பிட வேண்டாம். நாலு பேர் பேச்சில் மனிதன் கரைவதை அப்படி எழுதியவர், 1933இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக ரெக்டராக உட்கார்ந்து நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். யூதராகப் பிறந்த தன் ஆசான் ஹுஸ்ஸெர்லுக்கு 'இருத்தலும் காலமும்' நூலில் எழுதியிருந்த சமர்ப்பணம் 1941 பதிப்பில் காணாமல் போனது. படிக்கும்போது இது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

அடுத்து பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். 1943இல் வந்த நூலில் அவர் பியேர் என்ற நண்பனைத் தேடி காப்பிக்கடைக்குள் போகிறார். பியேர் இல்லை. வேறு எத்தனையோ பேரும்தான் அங்கே இல்லை, ஆனால் பியேர் இல்லாதது மட்டும் கடை முழுக்கத் தெரிகிறது. இதற்கு 'இன்மை' என்று போடலாமா என்று பேச்சு வந்தது. குறளில் 'இன்மையின் இன்னாதது யாதெனின்' என்றால் வறுமை. அது வந்து குறுக்கே நிற்கிறது. முடிவாகவில்லை.

திரும்பும்போது தாராவி வழியாக நடந்தேன். அப்பாவின் கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நல்ல கூட்டம். மற்றவர்களுக்கு அது மொபைல் கடை.